பெயிண்டர் பார்த்துக்குவார்

கட்டட வேலையில் ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் இன்னொரு கை இருக்கும். கொத்தனார் விட்ட பள்ளத்தைப் பூச்சு மேஸ்திரி நிரப்புவார். பூச்சில் விட்ட மேட்டைப் பட்டி பார்ப்பவர் தேய்ப்பார். தச்சர் விட்ட இடுக்கை யாராவது அடைப்பார்கள், பிளம்பர் உடைத்த ஓட்டையை யாராவது மூடுவார்கள். எல்லோருக்கும் கடைசியாக வந்து நிற்பவர் பெயிண்டர். அவருக்குப் பின்னால் ஆள் கிடையாது. அதனால்தான் எந்தக் கோணலைக் கண்டாலும் எங்கள் வாயில் தானாக வருகிற பேச்சு: "விடு, பெயிண்டர் பார்த்துக்குவார்."

நானும் சொல்லியிருக்கிறேன், பலமுறை. ஒருமுறை மட்டும் சொன்னதோடு நிற்காமல் பெயிண்டர் தலையில் பழியைக் கட்டி, அவர் கூலியிலும் கை வைத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். இடையில் ஜிப்சம் போர்டின் மூலையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கும். செய்த தப்பு அந்த மூலைக்குள் இருக்கிறது. மூலை பிடிபடாவிட்டால் தப்பின் அளவும் பிடிபடாது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி. மாநிலத்தின் பழைய சிப்காட் வளாகங்களில் ஒன்று இங்கே. இரும்பு உருக்கும் உலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், ரசாயனம், பிளாஸ்டிக் என்று எல்லாம் உண்டு. பக்கத்தில் தேர்வாய் கண்டிகையில் புது வளாகம். எல்லையைத் தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி. இந்தக் கம்பெனிகளில் இப்போது ஆபீஸ் அறையோ தங்கும் அறையோ செங்கல் வைத்துக் கட்டுவது குறைந்துவிட்டது. ஷெட்டுக்குள்ளேயே ஜி.ஐ. சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து, மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டால் சீக்கிரத்தில் அறை தயார். தண்ணீர் ஊற்றி ஆற வைக்கும் வேலை கிடையாது. வேண்டாமென்றால் கழற்றி வேறு பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். அந்த வேலையை எடுத்துச் செய்கிற சின்ன கான்ட்ராக்டர் நான். என் வீட்டுச் சோறு அந்த வெள்ளைப் போர்டில்தான்.

ஆனால் நான் போர்டுக்குப் பிறந்தவன் இல்லை. என் அப்பா கொத்தனார். பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் அவர் கை படாத தெரு குறைவு. ஏரியில் கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்பு சுட்ட பகுதி அது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்துக் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சைச் சலவைக்கல்லோடு ஒப்பிட்டு வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பா காலத்தில் அதெல்லாம் போய் சிமெண்டு வந்துவிட்டது. மூலை பிடிக்கிற முறை மட்டும் மாறவில்லை. சுவரின் ஒரு முகத்தில் மரச்சட்டத்தைத் தூக்குக்குண்டு விட்டு நேராக நிறுத்துவார். சட்டத்தின் ஓரத்தை அளவாக வைத்து மறுமுகத்தைப் பூசுவார். அது இறுகியதும் சட்டத்தை இடம் மாற்றி அடுத்த முகம். கடைசியில் கரணையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அவர் பிடித்த மூலையில் விரலை ஓட்டினால் எங்கும் தட்டாது.

அவரிடமிருந்து கைவேலையோடு ஒரு நினைப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். செங்கல் சுவர் கொஞ்சம் சாய்ந்தாலும் பூச்சில் சரிக்கட்டிவிடலாம் என்ற நினைப்பு. உள்சுவருக்கு 12 மில்லி, வெளிச்சுவருக்கு 20 மில்லி என்று பூச்சுக்கு ஒரு கனம் இருக்கிறது. அந்தக் கனத்துக்குள் எவ்வளவோ பாவத்தைப் புதைக்கலாம். ஜிப்சம் போர்டில் அப்படிப் புதைக்க இடமே இல்லை. போர்டே பன்னிரண்டரை மில்லிதான். அதன் மேல் இழுக்கிற பூச்சு ஒன்றிரண்டு மில்லி. உள்ளே சட்டம் எப்படி நிற்கிறதோ அப்படியே வெளியே தெரியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் போர்டு வேலையை நான் மனதுக்குள் மதித்ததே கிடையாது. கொத்தனார் மகனுக்கு இது பொம்மை வேலை என்ற எண்ணம்.

2023 தீபாவளி சமயம். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் விருந்தினர் அறை. வெளிநாட்டிலிருந்து மெஷின் நிறுவ வரும் இன்ஜினியர்கள் தங்குவதற்கானது. அறையில் ஜிப்சம் பார்ட்டிஷனுக்குள் பதித்த மாதிரி ஒரு வார்ட்ரோப். நாலடி அகல வாய், இரண்டு கதவு. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறது. வாயை ஆறடிக்கு அகலப்படுத்தி, தள்ளுகிற கதவு போட்டுத் தர வேண்டும், நவம்பர் கடைசியில் ஆட்கள் வருகிறார்கள் என்றார் நிர்வாக அலுவலர். கொட்டேஷன் கொடுத்தேன். அதில் தனி வரியாக எழுதியிருந்தேன்: கார்னர் பீடு, 12 ரன்னிங் மீட்டர். ஏழடி உயரம், ஆறடி அகலம், மறுபடி ஏழடி. வாயின் வெளி விளிம்பும் உள் விளிம்பும் சேர்த்து நாற்பது அடி. கணக்கு சரியான கணக்கு.

என்னிடம் போர்டு அடிக்கிற பையன்கள் பீகார்க்காரர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள். அவர்கள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, ஒழுங்காகச் செய்திருப்பார்கள். அவர்கள் வரும்வரை பொறுக்க முடியுமா என்று அலுவலரிடம் கேட்கவும் எனக்கு மனமில்லை. நானே செய்கிறேன் என்று ஒரு உதவியாளை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

வாயை அகலப்படுத்துவது என்றால், நிற்கிற சட்டத்தை அறுத்து எடுக்க வேண்டும். புது வாயின் இரண்டு பக்கமும் இரட்டைச் சட்டம் நிறுத்தி, மேலே குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். தள்ளுகதவின் மேல் தண்டவாளம் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் தொங்கும். அதற்குள் மரக்கட்டை செருகி வைத்தால்தான் ஸ்க்ரூ பிடிக்கும். இந்த மட்டும் சரியாகச் செய்தேன். கதவு கழன்று விழுந்தால் அன்றைக்கே மாட்டிக்கொள்வேன் அல்லவா.

அடுத்தது போர்டு. வாயின் மேல் மூலை இருக்கிறதே, அங்கேதான் இழுவிசை முழுக்க வந்து குவியும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், அதே காரணம். அதனால் போர்டின் இணைப்பு அந்த மூலையின் நேர்கோட்டில் வரக்கூடாது. ஒரு முழுப் போர்டை எடுத்து, வாயின் மூலைக்கு ஏற்றபடி 'ட' வடிவில் வெட்டி, மூலையைச் சுற்றி ஒரே துண்டாக உட்கார வைக்க வேண்டும். இணைப்பு தள்ளிப்போய் அடுத்த சட்டத்தில் விழ வேண்டும். அப்படிச் செய்தால் நிறைய போர்டு வீணாகும். என்னிடம் பழைய வேலையில் மிஞ்சிய துண்டுகள் கிடந்தன. பக்கத்துக்கு ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு என்று ஒட்டுப்போட்டேன். இணைப்பு மிகச் சரியாக மூலையின் கோட்டிலேயே விழுந்தது.

பிறகு விளிம்பு. இங்கே போர்டின் பிறப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகிதத்தையும் பிளாஸ்டரையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்த பலகைக்கு 1894-இல் காப்புரிமை வாங்கினார். அதன் ஓரங்கள் திறந்து கிடந்தன, உதிர்ந்தன. பின்னால் வந்தவர்கள் காகிதத்தை ஓரத்திலும் சுற்றி மடித்தார்கள். இன்றைய போர்டின் நீளவாட்டு ஓரங்கள் அப்படி மூடியவை. பலம் காகிதத்தில்தான் இருக்கிறது, உள்ளே இருப்பது வெறும் ஜிப்சம். வாயை மாற்றும் வேலையில் உங்களுக்குக் கிடைக்கும் விளிம்பு பெரும்பாலும் வெட்டிய விளிம்பு. காகிதம் போர்த்தாதது. நகம் பட்டால் உதிரும். அலமாரி வாயோ நாளெல்லாம் கை படுகிற இடம், பெட்டி இடிக்கிற இடம். ஆகவே அந்த மூலைக்குத் தகட்டாலோ பி.வி.சி.யாலோ ஆன கோணம், அதாவது கார்னர் பீடு, வைத்தே ஆக வேண்டும். ஓட்டை போட்ட இரண்டு சிறகும் நடுவில் ஒரு மூக்கும் உள்ள சாமான். மூக்கு போர்டின் பரப்பைவிடக் கொஞ்சம் வெளியே துருத்தி நிற்கும். பிளேடின் ஒரு முனையை மூக்கிலும் மறுமுனையைப் போர்டிலும் சாய்த்து இழுத்தால் நடுவில் பூச்சு தானாகச் சமமாகும். அப்பாவின் மரச்சட்டம் செய்த வேலையை இந்தத் தகடு செய்கிறது. ஒரே வித்தியாசம், இது உள்ளேயே தங்கிவிடும்.

அன்று ஊர்க் கடையில் கார்னர் பீடு இல்லை. செங்குன்றம் பக்கம் போனால் கிடைக்கும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வண்டியை எடுக்க சோம்பலாக இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைச் சொல்ல எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், இல்லை. சோம்பல்தான். நாலு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குள் ஒரு நீளம் தகடு கிடைக்கும்.

தகடு இல்லாமல் மூலை பிடிக்க என் பரம்பரைப் புத்தி வழி காட்டியது. போர்டின் இணைப்புகளில் பூசுகிற ஜாயிண்டிங் காம்பவுண்டு டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அதை வழித்துப் போட்டு, மேலே வெள்ளை சிமெண்டுப் பட்டியைக் குழைத்து மரச்சட்டம் வைத்து அப்பா மாதிரியே இழுத்தேன். இணைப்புகளுக்குக் காகித டேப்பும் ஒட்டவில்லை. பார்க்க அம்சமாக இருந்தது! கத்தி முனை. உதவிக்கு நின்ற பையன்கூட, "சூப்பர்ண்ணா" என்றான்.

செய்த தப்புகளை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. சிமெண்டுப் பட்டி செங்கல் சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் ஆனது. காகிதத்தின் மேல் அதற்குப் பிடிப்பு கிடையாது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட், அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட நீர். நெருப்பு பிடித்தால் அந்த நீர் ஆவியாகிச் சுவரைக் காக்கும், நல்ல குணம். ஆனால் ஈரம் ஊறிய இடத்தில் சல்பேட்டும் சிமெண்டும் சேர்ந்தால் உப்பும், வெடிக்கும். காம்பவுண்டு வேறு, தண்ணீரை இழந்துதான் இறுகும், இழக்கும்போது சுருங்கும். அதனால் மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. வெயில் காலத்தில் ஒரே நாளில் காய்வது ஐப்பசி கார்த்திகையில் காயாது. நான் கனமாக ஒரே பூச்சு அப்பி, ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன். மேல்தோல் காய்ந்தது.

அடுத்த நாள் பெயிண்டர் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021 ஆகஸ்டில் அரசு அகதிகள் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஆண்களில் ஏராளமானவர்கள் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். குடியுரிமை இல்லை, அரசு வேலை கிடையாது. படித்த பையனும் கடைசியில் பிரஷ் பிடிக்கிறான். இந்தப் பெயிண்டர் 1990-இல் சண்டை மறுபடி மூண்டபோது படகில் வந்து மண்டபத்தில் இறங்கியவர். சின்னப் பையனாக வந்தார், இங்கேயே கல்யாணம், பிள்ளைகள். என்னைவிட மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். என் வேலைகளுக்குப் பல வருடமாக அவர்தான் பெயிண்ட். பேச்சு குறைவு. சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்து, வெளிச்சம் ஓடுகிற போக்கிலேயே மேடு பள்ளம் சொல்லிவிடுவார்.

அன்றும் டார்ச்சைப் பிடித்தார். மூலையில் நகத்தால் தட்டினார்.

"தம்பி, உள்ளுக்குத் தகடு வச்சிருக்கோ?"

"வச்சிருக்குண்ணே."

இன்னொரு தரம் தட்டினார். "சத்தம் வேற மாதிரி வருது."

"பி.வி.சி. தகடுண்ணே. நீங்க ஒரு கோட்டு பட்டி ஏத்திப் பெயிண்டை விடுங்க."

கேட்டவுடன் வாய் கூசாமல் வந்தது பொய். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். நம்பாதது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உப்புத்தாளை எடுத்தார். அவருடைய பையன் ஒருவன், சொந்தப் பிள்ளையில்லை, வேலை பழகுகிற பையன், தேய்க்க ஆரம்பித்தான். மூலை என்னவோ நேராகத்தான் இருந்தது. பட்டி, பிரைமர், இரண்டு கோட்டு பெயிண்ட். கதவு மாட்டினோம். பில் போட்டேன். கார்னர் பீடு வரியையும் அப்படியே விட்டுவிட்டேன். பணமும் வந்தது.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம் என்றாலும், அதற்கு முன்னால் சென்னையையும் எங்கள் மாவட்டத்தையும் இரண்டு நாள் வைத்துக் கொட்டியது. காற்றே ஈரமாகக் கிடந்தது. அது வடிந்து கொஞ்ச நாளில் அலுவலர் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். வாயின் இரண்டு மேல் மூலைகளிலிருந்தும் விரிசல். இடது விளிம்பில் இடுப்பு உயரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. யாரோ சக்கரப் பெட்டியை இழுத்துப் போகும்போது பட்டிருக்க வேண்டும். தள்ளுகதவு வந்து பக்கச் சட்டத்தில் முட்டும் ஒவ்வொரு தடவையும் விரிசலிலிருந்து மாவு கொஞ்சம் உதிர்ந்தது.

"புயல் சார், ஈரப்பதம்" என்றேன்.

அவர் விவரமானவர். "பக்கத்து அறைங்களுக்கும் அதே புயல்தானே அடிச்சது? அங்கெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார். அந்த அறைகள் வேறு யாரோ போட்டவை, தகடு வைத்துப் போட்டவை.

அந்த நேரம் பெயிண்டர் அதே கட்டடத்தின் நடைபாதையில் எனக்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அலுவலர் அவரையும் கூப்பிட்டார். மூன்று பேரும் அலமாரி முன்னால் நிற்கிறோம். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, சத்தியம். வாய் திறந்தது. "பட்டி காயறதுக்குள்ள பெயிண்ட் அடிச்சிட்டாங்க சார். அவசரம். நான் சொல்லியிருந்தேன்."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. "சரி செய்து தாறம் ஐயா" என்றார் அலுவலரிடம்.

அவர் ஏன் மறுத்துப் பேசவில்லை என்பதைத்தான் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முகாம்காரர்களுக்குப் பதிவு உண்டு, கணக்கெடுப்பு உண்டு, க்யூ பிராஞ்ச் போலீஸின் கண்காணிப்பு உண்டு. கூலித் தகராறு என்று ஸ்டேஷன் படியேறினால் யார் பேச்சு எடுபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கம்பெனி வாசலில் சத்தம் போட்டால் நாளைக்கு கேட்டுக்குள் விடமாட்டார்கள். இவர் வாய் திறக்க மாட்டார் என்பது எனக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. உள்ளூர் பெயிண்டர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது. "தகடு வைக்கலைன்னு உடைச்சுக் காட்டட்டுமா?" என்று அங்கேயே சுத்தியலை எடுத்திருப்பார். இதுதான் என் குற்றத்தின் நடுப்பாகம். தகடு வைக்காதது சோம்பல். இது வேறு.

நடைபாதை வேலைக்கு அவருக்குத் தர வேண்டிய பாக்கியில் ஒரு தொகையை, மறுபடி செய்கிற செலவு என்று பிடித்துக்கொண்டேன். அதற்கும் அவர் எதுவும் சொல்லவில்லை.

உடைத்துச் செய்யும் வேலையை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டேன். அலுவலர் லீவு. உள்ளே தகடு இல்லை என்பதை யாரும் பார்க்கக்கூடாது அல்லவா! பீகார்ப் பையன்கள் திரும்பி வந்திருந்தார்கள், அவர்களையும் கூப்பிடவில்லை. தனியாகப் போனேன். மூலையைத் தட்டியதும் பட்டி முழு நீளத்துக்கு அப்படியே கழன்று கையோடு வந்தது, பின்பக்கம் காகிதத்தின் அச்சுகூடப் பதியாமல். எங்கும் ஒட்டவே இல்லை. பெயிண்ட்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. பெயிண்டரின் அவசரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சாக்கில் போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

அன்று செய்ததை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ஒட்டுப்போட்ட துண்டுகளை அடுத்த சட்டம்வரை வெட்டி எடுத்தேன். புதுப் போர்டில் மூலைக்கு 'ட' வெட்டு. வெட்டிய விளிம்பைச் சாய்வாகச் சீவி, தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் ஒரு மயிரிழை மட்டும் உள்ளே போக வேண்டும். கிழித்தால் பிடிப்பு போச்சு. வெட்டிய ஓரத்திலிருந்து 15 மில்லி தள்ளித்தான் ஸ்க்ரூ. போர்டு அடிக்கும் முன்னால் வாயின் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் தள்ளுகதவு மூடும்போது சந்து மேலும் கீழும் ஒரே அளவாகத் தெரியும். முதல் தடவை அதையும் அளக்கவில்லை. இடது பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது. அதையும் பட்டியில்தான் நேராக்கியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரட்டைச் சட்டத்தைத் தளர்த்தி ரசமட்டம் வைத்து நிமிர்த்தினேன்.

பிறகு தகடு. செங்குன்றத்திலிருந்து முந்தின நாளே வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒட்டில்லாத ஒரே நீளம். மேல் தகட்டின் முனைகளைச் சாய்த்து வெட்டி, பக்கத் தகட்டோடு மூக்குக்கு மூக்கு சேரும்படி வைத்தேன். கீழே காம்பவுண்டு தடவி அழுத்தினால் ஓட்டைகள் வழியாகப் பிதுங்கி வரும், அதுதான் பிடிப்பு. கூடவே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு சிறகிலும் மாற்றி மாற்றி ஸ்க்ரூ. இணைப்புகளுக்குக் காகித டேப். முதல் பூச்சு நாலு அங்குல அகலம். காய விட்டு, மறுநாள் சாயங்காலம் ஆள் குறைந்த நேரம் பார்த்து அடுத்தது, முந்தினதைத் தாண்டி அகலமாக. மூன்றாவது ஓரடி அகலத்துக்கு விரிந்து, போர்டில் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாதபடி. கடைசியாக நைஸ் உப்புத்தாள், கட்டையில் சுற்றி, போர்டின் காகிதத்தைச் சுரண்டாமல். டார்ச்சைச் சுவரில் படுக்கவைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தட்டாமல் ஓடியது. பூச்சு காயும் நேரத்தைக் கழித்தால் கூடுதல் வேலை அரை நாள்கூட இல்லை. பெயிண்ட் அடிக்க அவரைத்தான் கூப்பிட்டேன், வேறு யாரைக் கூப்பிடுவது. வந்தார், மூலையில் நகத்தால் தட்டினார், பிரஷை எடுத்தார். அந்த வேலைக்குக் கூலி தரவில்லை. அதுவும் 'மறுபடி செய்கிற செலவு' கணக்கிலேயே போயிற்று.

பொங்கல் முடிந்து, மனசு கேட்காமல், பிடித்த தொகையை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் அவரிடம் கொடுத்தேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "பழைய பாக்கிண்ணே, கணக்குல விட்டுப்போச்சு" என்பது.

அவர் எண்ணினார். அதில் கொஞ்சத்தைத் தனியாகப் பிரித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது பொடியனுக்கு" என்றார். விசாரித்தபோதுதான் தெரிந்தது. நான் பிடித்ததை அவரால் முழுசாகத் தாங்க முடியவில்லை. தேய்த்த பையனின் கூலியிலும் பாதியைக் குறைத்திருக்கிறார். என்ன காரணம் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மூலை பிழைச்சுப் போச்சுது எண்டுதான்." பையன் தான் சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டானாம். அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வருவது நின்றுவிட்டது, திருவள்ளூர்ப் பக்கம் ஏதோ குடோனில் மூட்டை ஏற்றுகிறானாம். அவனிடம் நான் போய் என்ன சொல்வது? போகவில்லை.

பெயிண்டர் இப்போதும் எனக்கு வேலை செய்கிறார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார்: தகடு அடித்ததும் பூச்சு இழுக்கும் முன்னால் தன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். காட்டுகிறேன். பீகார்ப் பையன்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது, பெயிண்டர் வந்து தகட்டைச் சோதிப்பதா என்று. என் ஷெட்டில் தகடு எப்போதும் ஒரு கட்டு இருக்கிறது.

பில்லில் எழுதிய 12 மீட்டரும் இப்போது உண்மையாகவே அந்த மூலைகளுக்குள் இருப்பதால், கணக்கு நேராகிவிட்டது என்று மனதைச் சமாதானம் செய்துகொள்ளத் தோன்றும். ஆனால் அலுவலரிடம் சொன்ன வார்த்தை சொன்னபடியே நிற்கிறது. போன மாதம் பார்த்தபோதுகூட, "அந்தப் பழைய பெயிண்டர் வேண்டாம், வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கம்பெனிக்கு மட்டும் வேறு ஆளைத்தான் அனுப்புகிறேன். பெயிண்டர் ஏன் என்று கேட்டதில்லை. அலுவலரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை அந்த கேட்டைத் தாண்டும்போதும் நினைப்பேன். அடுத்த வாரம் அங்கே கேன்டீன் சீலிங்குக்குக் கொட்டேஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது.